வீட்டு மரவேலைக்கு மைட்டர் சா: குறைந்த பட்ஜெட்டில் சரியானதை தேர்வு செய்வது எப்படி?

யூடியூபில் நாலு மரவேலை வீடியோ பார்த்ததும் பலருக்கு 'நாமளே ஒரு ஷூ ரேக் செஞ்சா என்ன?' என்று தோன்றும். அந்த வீடியோக்களில் அடிக்கடி கண்ணில் படும் மெஷின் மைட்டர் சா. கைப்பிடியை கீழே இழுத்தால் போதும், இரண்டே நொடியில் கட்டை நேராக வெட்டுப்பட்டு விழும். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

ஆனால் ஆன்லைனில் தேடினால் தலை சுற்றும். 8 இன்ச், 10 இன்ச், 12 இன்ச், ஸ்லைடிங், காம்பவுண்ட், லேசர் என ஏகப்பட்ட ரகம். விலையும் ரூ.10 ஆயிரத்தில் தொடங்கி ரூ.50 ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது. தவறான மெஷினை வாங்கினால் பணம் மட்டும் வீணாகாது, விரலுக்கும் ஆபத்து.

மரவேலையில் புதிதாக இறங்குபவருக்கு எது போதும், எதற்கு கூடுதல் பணம் கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

மைட்டர் சா என்றால் என்ன?

ஒரு மேடை, அதன் பின்பக்கம் நேரான தடுப்பு, மேலே மோட்டாருடன் சுழலும் வட்ட ரம்பம். இவ்வளவுதான் மைட்டர் சா. கட்டையை தடுப்போடு ஒட்டி வைத்து, மேலிருந்து பிளேடை இறக்கினால் குறுக்காக வெட்டும். பின்பக்கம் உள்ள தடுப்பை 'ஃபென்ஸ்' என்கிறார்கள்.

மேடையை இடது, வலது பக்கம் திருப்பி 45 டிகிரி வரை சாய்கோணத்தில் வெட்டலாம். இந்த சாய்வெட்டுக்குப் பெயர்தான் மைட்டர். போட்டோ ஃபிரேமின் நான்கு மூலைகளும் சேரும் இடத்தைப் பார்த்தால் இது புரியும். பிளேடு இருக்கும் தலைப்பகுதியையும் சாய்க்க முடிந்தால் அது பெவல். இரண்டும் செய்ய முடிகிற மெஷின் காம்பவுண்ட் மைட்டர் சா.

நம்ம ஊரில் இந்த மெஷினை அதிகம் பார்க்கக்கூடிய இடம் மரக்கடை இல்லை. அலுமினிய ஜன்னல், பார்டிஷன் செய்யும் கடைகளில்தான் 'கிரீச்' என்ற சத்தத்தோடு இது ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் ஒன்றுதான், பிளேடு வேறு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதை பின்னால் பார்க்கலாம்.

முதல் கேள்வி: இது உங்களுக்கு தேவையா?

மைட்டர் சா ஒரு வேலையை மட்டும் பிரமாதமாகச் செய்யும். நீளமான சட்டம், ரீப்பர், பீடிங், குறுகிய பலகை போன்றவற்றை குறுக்காக, ஒரே அளவில், திரும்பத் திரும்ப வெட்டுவதுதான் அந்த வேலை.

ஓர் உதாரணம். மூன்று தட்டு உள்ள ஷூ ரேக். ஒரு தட்டுக்கு 5 ரீப்பர் என்றால் 15 துண்டு. நாலு கால். பக்கத்துக்கு மூன்று வீதம் 6 குறுக்குச் சட்டம். மொத்தம் 25 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை என்று வைத்தால் 50 வெட்டு. கை ரம்பத்தில் 50 வெட்டும் ஒரே அளவில், செங்கோணமாக வர நல்ல பழக்கம் வேண்டும். மைட்டர் சாவில் ஒரு மரத்துண்டை அளவு தடுப்பாக கிளாம்ப் போட்டு வைத்துவிட்டால், 15 ரீப்பரும் ஒரே நீளத்தில் வந்துவிடும். தட்டு ஆடாமல் உட்காரும்.

ஆனால் இதனால் செய்ய முடியாததும் இருக்கிறது. 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட்டை மைட்டர் சாவில் வெட்ட முடியாது. பலகையை நீளவாக்கில் கிழிக்கவும் முடியாது; அப்படி முயற்சி செய்வது ஆபத்து. கிச்சன் கபோர்டு, வார்ட்ரோப், டிவி யூனிட் என்று பிளைவுட் வேலைதான் உங்கள் திட்டம் என்றால் இந்த மெஷின் மூலையில்தான் கிடக்கும். அந்த வேலைக்கு 7 இன்ச் சர்க்குலர் சாவும் நேராக ஓட்ட ஒரு அலுமினிய பட்டையும் போதும். பிளைவுட் கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கும் வசதி உங்கள் ஊரில் இருந்தால் இன்னும் சுலபம்.

இரண்டு போட்டோ ஃபிரேம், ஒரு சின்ன ஷெல்ஃப் மட்டும்தான் என்றால் மெஷினே வேண்டாம். 'மைட்டர் பாக்ஸ்' என்று ஒரு பெட்டி கிடைக்கிறது. 45, 90 டிகிரியில் பள்ளம் வெட்டிய அந்தப் பெட்டிக்குள் கட்டையை வைத்து, கை ரம்பத்தை பள்ளத்தில் ஓட்டினால் போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். சத்தமும் இல்லை, கரண்டும் வேண்டாம். அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு பக்கத்து வீட்டுச் சண்டையும் மிச்சம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

'கட்டிங் மெஷின்' என்று தேடினால் மைட்டர் சா போலவே தோற்றமளிக்கும் இன்னொரு மெஷினும் வரும். 14 இன்ச் வட்டக்கல் போட்டு இரும்பு பைப், ஆங்கிள் வெட்டும் கட் ஆஃப் மெஷின் அது. சிலர் இதை 'சாப் சா' என்றும் சொல்வார்கள். பல நேரம் மைட்டர் சாவை விட இதன் விலை குறைவாக இருக்கும். 'இதுலயே மர பிளேடு போட்டா போச்சு' என்று நினைக்கக் கூடாது. அது தேய்ந்து வெட்டும் கல்லுக்காக வடிவமைக்கப்பட்டது. அதன் கார்டு, வேகம், கட்டையைப் பிடிக்கும் முறை எதுவும் பல் வைத்த மர பிளேடுக்குப் பொருந்தாது.

அதே எச்சரிக்கை மார்பிள் கட்டருக்கும் ஆங்கிள் கிரைண்டருக்கும் உண்டு. 4 இன்ச் மர பிளேடை இவற்றில் மாட்டி வேலை பார்ப்பதை பல இடங்களில் பார்க்கலாம். இந்த மெஷின்கள் நிமிடத்துக்கு 10 ஆயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும். பிளேடு மரத்தில் மாட்டிக்கொண்டால் மெஷின் கையை விட்டுத் துள்ளும். வெட்டு முடிந்ததும் பிளேடை தானாக மூடும் கார்டும் இவற்றில் இல்லை. 'ஆசாரி அண்ணன் பண்றாரே' என்பது புதியவருக்கு காரணமாக முடியாது.

எத்தனை இன்ச் வாங்குவது?

8, 10, 12 இன்ச் என்பது பிளேடின் விட்டம். மெஷின் வெட்டும் அகலம் அது இல்லை. இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஸ்லைடிங் இல்லாத சாதாரண 10 இன்ச் மைட்டர் சா, நேராக வெட்டும்போது சுமார் 130 முதல் 145 மி.மீ. அகலம் வரைதான் வெட்டும். அதாவது ஐந்து இன்ச்சுக்கு சற்று அதிகம். 45 டிகிரிக்கு திருப்பினால் அது சுமார் 90 முதல் 100 மி.மீ. ஆகக் குறையும். உயரத்தைப் பொறுத்தவரை மாடலுக்கு ஏற்ப சுமார் 60 முதல் 90 மி.மீ. கிடைக்கும்.

இதை மரத்தின் கணக்கில் சொன்னால்:

• 2-க்கு 1 ரீப்பர், 2-க்கு 2, 3-க்கு 2 சட்டம்: தாராளமாக வெட்டலாம்.

• 4 இன்ச் பலகை: நேராக வெட்டலாம். 45 டிகிரியில் சில மாடல்களில் இழுபறி.

• 6 இன்ச் பலகை: ஒரே வெட்டில் முடியாது. திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்டினால் நடுவில் படி விழ வாய்ப்பு அதிகம்.

எனவே கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்க: நீங்க செய்யப் போகும் பொருளில் அதிகபட்ச அகலமான பலகை எது? அது 4 இன்ச்சுக்குள் என்றால் சாதாரண 10 இன்ச் மெஷின் போதும். 10, 12 இன்ச் அகலப் பலகையில் புத்தக அலமாரி செய்வதுதான் திட்டம் என்றால் ஸ்லைடிங் தேவைப்படும்.

12 இன்ச் மெஷின் தொடக்க நிலைக்கு அவசியமில்லை. எடை அதிகம், பிளேடு விலையும் அதிகம். 10 இன்ச் பிளேடுகள் பரவலாகக் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி.

ஸ்லைடிங், பெவல், லேசர்: எதற்கு பணம் கொடுக்கலாம்?

ஸ்லைடிங்: பிளேடு இருக்கும் தலைப்பகுதி தண்டவாளம் போன்ற கம்பிகளில் முன்னும் பின்னும் நகரும். இதனால் சுமார் 300 மி.மீ. வரை அகலமான பலகையை வெட்டலாம். ஆனால் விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பின்பக்கம் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதால் சுவரோடு ஒட்டி வைக்கவும் முடியாது. மலிவு விலை ஸ்லைடிங் மெஷின்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கம்பிகளில் சிறு ஆட்டம் இருந்தாலும் வெட்டு கோணல் ஆகிவிடும். குறைந்த பட்ஜெட்டில் தரமான சாதாரண மெஷின், தரமில்லாத ஸ்லைடிங் மெஷினை விட மேல்.

பெவல்: ஒரு பக்கம் மட்டும் சாயும் சிங்கிள் பெவல் போதும். இரண்டு பக்கமும் சாய்வது கூரை ஓர பீடிங் போன்ற வேலைகளை தினமும் செய்பவர்களுக்குத்தான் உதவும்.

கோண நிறுத்தங்கள்: மேடையைத் திருப்பும்போது 0, 15, 22.5, 30, 45 போன்ற கோணங்களில் 'டக்' என்று உட்கார வேண்டும். 22.5 டிகிரி எண்கோண ஃபிரேமுக்கு, 30 டிகிரி அறுகோணத்துக்கு. இந்த 'டக்' உறுதியாக இருக்கிறதா, பூட்டிய பிறகும் மேடை ஆடுகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்க.

லேசர்: வெட்டும் கோட்டைக் காட்டும் சிவப்பு வெளிச்சம். இருந்தால் நல்லது, அவ்வளவுதான். அதுவும் சரியாக அட்ஜஸ்ட் செய்யப்படவில்லை என்றால் தப்பான கோட்டைத்தான் காட்டும். லேசருக்காக மட்டும் ஒரு மாடலைத் தேர்வு செய்ய வேண்டாம்.

எலக்ட்ரிக் பிரேக்: சுவிட்சை விட்டதும் பிளேடை சில நொடிகளில் நிறுத்தும் வசதி. இது இல்லாத மெஷினில் பிளேடு தானாக வேகம் குறைந்து நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரே விலையில் இரண்டு மாடல் இருந்தால் பிரேக் உள்ளதை எடுங்க. லேசருக்குப் போகும் பணம் இதற்குப் போவது நல்லது.

அரை டிகிரி தப்பினால் என்ன ஆகும்?

மைட்டர் சாவின் உயிரே துல்லியம்தான். ஒரு போட்டோ ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். நாலு மூலை, மூலைக்கு இரண்டு வெட்டு, மொத்தம் எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45 டிகிரி. மெஷின் அரை டிகிரி மட்டும் தப்பாக வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்க. எட்டு வெட்டுக்கு மொத்தம் 4 டிகிரி. மூன்று மூலையை இறுக்கமாக ஒட்டினால் அந்த 4 டிகிரியும் கடைசி மூலையில் வந்து நிற்கும். 2 இன்ச் அகல ஃபிரேமில் அது கிட்டத்தட்ட 5 மி.மீ. இடைவெளி. எந்த மர பட்டியாலும் அதை அழகாக மறைக்க முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், பெரும்பாலான மெஷின்களில் இதை நாமே சரிசெய்யலாம். ஃபென்ஸை கொஞ்சம் தளர்த்தி மூலை மட்டம் வைத்து நேராக்கி மீண்டும் இறுக்கலாம். புது மெஷின் பெட்டியிலிருந்து வெளியே வரும்போதே சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கடையில் டெமோ மெஷின் இருந்தால் அங்கேயே செய்து பார்க்கச் சொல்லலாம்:

• சுமார் 4 இன்ச் அகலமுள்ள, இரண்டு ஓரமும் நேராக, ஒரே அகலமாக உள்ள பலகையை எடுக்கவும்.

• 0 டிகிரியில் வைத்து நடுவில் நேராக வெட்டவும்.

• இரண்டு துண்டையும் நேரான ஒரு பட்டையின் மீது சாய்த்து, ஒன்றை மட்டும் மேல் கீழாகப் புரட்டி, வெட்டிய முகங்களைச் சேர்க்கவும்.

• இடைவெளி இல்லாமல் சேர்ந்தால் மெஷின் சரி. 'வி' போல விரிந்தால் கோணம் தப்பு. கண்ணுக்குத் தெரிவது உண்மையான பிழையின் இரண்டு மடங்கு என்பதால் சின்ன தவறும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அடுத்து, மெஷினை பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு தலைப்பகுதியைப் பிடித்து இடது வலதாக லேசாக அசைத்துப் பாருங்க. கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தால் அந்த மெஷின் வேண்டாம். ஃபென்ஸை சரிசெய்யலாம், தேய்ந்த மூட்டை வீட்டில் சரிசெய்ய முடியாது.

மெஷினை விட பிளேடு முக்கியம்

சுமாரான மெஷினில் நல்ல பிளேடு போட்டால் வெட்டு சுத்தமாக வரும். விலை உயர்ந்த மெஷினில் மழுங்கிய பிளேடு இருந்தால் மரம் கருகும், ஓரம் பிசிறடிக்கும். எனவே பட்ஜெட்டில் பிளேடுக்கு தனியாக ஒரு தொகை ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

பற்களின் எண்ணிக்கையை இப்படி நினைவில் வைக்கலாம்:

• 24 முதல் 40 பல்: வேகமாக வெட்டும். ஓரம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும்.

• 60 முதல் 80 பல்: மெதுவாக, வழவழப்பாக வெட்டும். ஃபிரேம், பீடிங், ரேக் போன்றவற்றுக்கு ஏற்றது. ஒரே பிளேடு வாங்குவதாக இருந்தால் 60 பல் நல்ல நடுத்தரத் தேர்வு.

• 100 முதல் 120 பல்: பெரும்பாலும் அலுமினியத்துக்கு.

இங்குதான் முன்பு சொன்ன வித்தியாசம் வருகிறது. நம்ம ஊர் கடைகளில் மைட்டர் சா கேட்டு வருபவர்களில் அலுமினிய வேலைக்காரர்களும் நிறைய. கடைக்காரர் அந்த நினைப்பில் அலுமினிய பிளேடை எடுத்துக் கொடுக்கலாம். 'மரத்துக்கு வேணும், 10 இன்ச், 60 பல், மைட்டர் சாவுக்கு' என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்க.

இன்னும் மூன்று விஷயங்களை பிளேடு மீது அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒன்று, நடு ஓட்டையின் அளவு. 25.4 மி.மீ., 30 மி.மீ. என வேறுபடும், மெஷினின் தண்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டு, பிளேடின் அதிகபட்ச வேகம். அது மெஷினின் வேகத்தை விட அதிகமாக இருக்க வேண்டும். மூன்று, பல்லின் சாய்வுக் கோணம். மைட்டர் சாவுக்கு சாய்வு குறைவான அல்லது பின்னோக்கிச் சாய்ந்த பல் உள்ள பிளேடுதான் பாதுகாப்பு. டேபிள் சாவுக்கான பிளேடுகளில் பல் முன்னோக்கி அதிகம் சாய்ந்திருக்கும். அது கட்டையைப் பிடித்து இழுக்கும்.

வீட்டு பிளக் பாயிண்ட் தாங்குமா?

இதை கடைக்காரர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். 10 இன்ச் மைட்டர் சா சுமார் 1,500 முதல் 2,000 வாட்ஸ் வரை எடுக்கும். 1,650 வாட்ஸ் மெஷினை 230 வோல்ட்டில் கணக்கிட்டால் சுமார் 7 ஆம்பியர். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதை விடப் பல மடங்கு இழுக்கும்.

செல்போன் சார்ஜர், ஃபேன் மாட்டும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் தாங்கும். அதாவது சுமார் 1,380 வாட்ஸ். அதில் மைட்டர் சாவை ஓட்டினால் சாக்கெட் சூடாகும், கருகும். ஏசி, கீசர் மாட்டும் 16 ஆம்பியர் பெரிய பிளக் பாயிண்ட்தான் சரி.

கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் ஸ்பைக் கார்டில் மாட்டவே கூடாது. எக்ஸ்டென்ஷன் தேவை என்றால் குறைந்தது 1.5 சதுர மி.மீ. ஒயர், தூரம் அதிகம் என்றால் 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டு, 16 ஆம்பியர் சாக்கெட்டோடு எலக்ட்ரீஷியனிடம் தயாரித்துக்கொள்ளலாம். சுருட்டி வைத்த நிலையில் பயன்படுத்தாமல் முழுவதும் பிரித்துப் போட வேண்டும்.

மெஷினில் எர்த் பின் இல்லாமல் இரண்டு பின் பிளக் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் குறி இருக்கிறதா என்று பாருங்க. அது டபுள் இன்சுலேஷன் என்பதற்கான அடையாளம். அந்த வகைக்கு எர்த் தேவையில்லை. ஆனாலும் வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது எல்லா மெஷினுக்கும் பாதுகாப்பு.

பட்ஜெட் எவ்வளவு ஆகும்?

விலை ஆஃபர், கடை, மாடலைப் பொறுத்து மாறும். தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்:

• ரூ.9 ஆயிரம் முதல் ரூ.12 ஆயிரம்: மலிவு விலை பிராண்டுகளின் சாதாரண 10 இன்ச். மாதத்துக்கு ஓரிரு நாள் வேலைக்கு போதும். வாங்கியதும் கோணம் சரிபார்ப்பது கட்டாயம்.

• ரூ.13 ஆயிரம் முதல் ரூ.20 ஆயிரம்: ஸ்டான்லி, போஷ், மகிடா போன்ற பிரபல பிராண்டுகளின் சாதாரண 10 இன்ச் மாடல்கள் இந்த ரகத்தில் தொடங்கும். உதிரிபாகமும் சர்வீஸும் கிடைப்பது எளிது.

• ரூ.30 ஆயிரத்துக்கு மேல்: பிரபல பிராண்டுகளின் ஸ்லைடிங் மாடல்கள்.

மெஷின் விலையோடு கணக்கு முடியவில்லை. மரத்துக்கான நல்ல பிளேடு, கண்ணாடி, காது மூடி, மாஸ்க், இரண்டு கிளாம்ப், நீளமான கட்டையைத் தாங்க இருபுறமும் பலகை. இவற்றுக்கு ரூ.3 ஆயிரம் முதல் ரூ.5 ஆயிரம் வரை தனியாக வைக்க வேண்டும். கையில் ரூ.15 ஆயிரம்தான் இருக்கிறது என்றால் முழுப் பணத்தையும் மெஷினில் போட வேண்டாம். ரூ.11 ஆயிரம் மெஷின், மீதி பிளேடுக்கும் பாதுகாப்புக்கும். இதுதான் சரியான பங்கு.

பழைய மெஷின் வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அலுமினிய கடையில் தினமும் ஓடிய மெஷின் என்றால் மூட்டும் பேரிங்கும் தேய்ந்திருக்கும். ஓட விட்டு சத்தத்தைக் கேளுங்க. கரகரப்பு, சுவிட்ச் அருகே கருகல் வாடை, கார்டு கழற்றப்பட்டிருப்பது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

புதிதாக வாங்கினால் ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் கேட்டு வாங்குங்க. சில நிறுவனங்களில் வாரண்டி முழுமையாகக் கிடைக்க ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் ஊரில் அல்லது பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, கார்பன் பிரஷ் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே விசாரிப்பது நல்லது. பில் இருந்தும் கடைக்காரரோ நிறுவனமோ தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.

விரல் பத்திரம்: இதை மட்டும் மறக்காதீங்க

10 இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 4,500 முதல் 5,000 முறை சுற்றுகிறது. அப்படியென்றால் பல்லின் முனை மணிக்கு சுமார் 215 முதல் 240 கி.மீ. வேகத்தில் போகிறது. வந்தே பாரத் ரயிலை விட வேகம். தப்பு நடந்தால் கையை இழுக்க நேரமே இருக்காது. அதனால் கை அங்கே போகாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

• பிளேடுக்கும் கைக்கும் குறைந்தது 6 இன்ச் தூரம். அவ்வளவு நெருக்கமாகப் பிடிக்க வேண்டிய சின்னத் துண்டு என்றால் கிளாம்ப் போடுங்க, அல்லது கை ரம்பத்தில் வெட்டுங்க.

• ஒரு கையின் மேல் இன்னொரு கை குறுக்கே போகக் கூடாது.

• கட்டை மேடையோடும் ஃபென்ஸோடும் ஒட்டியிருக்க வேண்டும். வளைந்த கட்டை என்றால் வளைவின் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொட, வெட்டும் இடத்தில் இடைவெளி இல்லாமல் வைக்க வேண்டும்.

• பிளேடு முழு வேகத்துக்கு வந்த பிறகு மெதுவாக இறக்குங்க. வெட்டி முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு முழுதாக நின்ற பிறகே மேலே தூக்குங்க. ஓடும்போதே தூக்கினால் வெட்டுப்பட்ட துண்டு பறக்கும்.

• அளவு தடுப்பு வைக்கும்போது, நீங்கள் பிடித்திருக்கும் துண்டின் பக்கம் வையுங்க. விழப்போகும் துண்டின் பக்கம் தடுப்பு இருந்தால் அது பிளேடில் சிக்கி எகிறும்.

• கையுறை வேண்டாம். லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கையில் கட்டிய கயிறு, மோதிரம் எதுவும் மெஷின் பக்கம் வேண்டாம்.

• கார்டைக் கழற்றவோ கட்டி வைக்கவோ கூடாது. 'வெட்டுற கோடு தெரியல' என்று முதலில் கழற்றப்படுவது அதுதான்.

• பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே கழற்றுங்க.

காதுக்கும் நுரையீரலுக்கும் பாதுகாப்பு தேவை. மைட்டர் சா வெட்டும்போது 100 டெசிபல் அளவுக்கு சத்தம் வரும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்படி, 100 டெசிபல் சத்தத்தில் காது மூடி இல்லாமல் ஒரு நாளில் 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மெஷினோடு வரும் தூசிப் பை எல்லாத் தூளையும் பிடிக்காது. என்95 மாஸ்க் போட்டு, முடிந்தால் மொட்டை மாடியிலோ திறந்த இடத்திலோ வேலை செய்வது நல்லது. குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் மெஷினை வைத்து, தலைப்பகுதியை கீழே இறக்கிப் பூட்டி வையுங்க.

யாருக்கு எது? சுருக்கமாக

• ஓரிரு ஃபிரேம், சின்ன ஷெல்ஃப்: மைட்டர் பாக்ஸும் கை ரம்பமும்.

• கபோர்டு, வார்ட்ரோப் போன்ற பிளைவுட் வேலை: கடையில் அளவுக்கு வெட்டி வாங்குவது அல்லது சர்க்குலர் சா.

• ஷூ ரேக், ஸ்டூல், செடி ஸ்டாண்ட், ஃபிரேம் என ரீப்பர், சட்டத்தில் தொடர்ந்து செய்யும் ஆர்வம்: ஸ்லைடிங் இல்லாத 10 இன்ச், சிங்கிள் பெவல், 60 பல் மர பிளேடு, 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்.

• 6 இன்ச்சுக்கு மேல் அகலப் பலகையில் அடிக்கடி வேலை: பணம் சேர்த்து நல்ல பிராண்டின் ஸ்லைடிங்.

வாங்கியதும் விலை உயர்ந்த தேக்கில் கை வைக்க வேண்டாம். பேக்கிங் பெட்டியில் வரும் பைன் கட்டை நாலு எடுத்து, அந்தப் புரட்டிச் சேர்க்கும் சோதனையை முதலில் செய்யுங்க. இடைவெளி இல்லாமல் சேரும் வரை ஃபென்ஸை சரிசெய்யுங்க. அதன் பிறகு வெட்டும் ஒவ்வொரு துண்டும் ஒன்றோடொன்று சரியாக உட்காரும்.